சேர்மன் பேர் வெட்டிய தட்டுகள்

ஜவ்வாது மலையில் நான் வேலை பார்த்த ஊரில், பிள்ளைகள் அம்மா, ஆடு என்று எழுத்துக்கூட்டுவதற்கு முன்பே சேர்மன் பேரைப் படித்துவிடுவார்கள். கண் திரும்பிய இடமெல்லாம் அதுதான் எழுதியிருந்தது. பஸ் நிற்காத வளைவில் கட்டிய பஸ் நிழற்குடையில் இருந்தது. மாட்டு ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்தது. தண்ணீர் ஏறாத தண்ணீர்த் தொட்டியில் நாலு திசைக்கும் தெரிகிற மாதிரி நாலு முறை இருந்தது. அடிபம்பில் எழுத இடம் போதாமல் கைப்பிடியில் எழுதிவிட்டார்கள். தண்ணீர் அடிக்கும்போதெல்லாம் சேர்மன் மேலே போவார், கீழே வருவார். எல்லாம் ஒன்றியப் பணம். அவர் காலத்தில் மலைக்கு வேலைவாய்ப்பு வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கண்ணமங்கலத்துப் பெயிண்டர் ஒருவருக்கு வருஷம் முழுக்க வேலை இருந்தது.

எண்பதுகளின் பின்பாதி அது. ரொம்ப வருஷம் தேர்தலே இல்லாமல் கிடந்து, அப்போதுதான் உள்ளாட்சித் தேர்தல் நடந்து அவர் ஒன்றியத்துக்குத் தலைவராக வந்திருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். சொந்த ஊர் மலையடிவாரத்தில், சந்தவாசல் பக்கம். பெங்களூருக்கு வேலைக்குப் போன வீட்டுக்காரர் அங்கேயே இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டார். இரண்டு பெண்பிள்ளைகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, மலையில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். மாதா மாதம் வந்த அந்தச் சின்னச் சம்பளம்தான் எங்கள் மூன்று பேருக்கும் சோறு. அந்த வேலை போனால் என் பிள்ளைகள் அக்கா வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். என் வாய் அப்போதும் கொஞ்சம் நீளம்தான், வேலைக்குப் பயந்து அடக்கி வைத்திருந்தேன்.

சத்துணவுக் கூடத்தில் இருந்த அலுமினியத் தட்டுகள் நசுங்கி, பாதி ஓட்டையாகிவிட்டன. சாம்பார் ஊற்றினால் பிள்ளைகள் தொடையில் வடிந்தது. புதுத் தட்டு வேண்டும் என்று ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். பதிலே வராது என்று நினைத்திருந்தபோது ஒரு நாள் ஜீப்பில் தட்டுகள் வந்து இறங்கின. அலுமினியம் இல்லை, பளபளவென்று எவர்சில்வர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துப் பார்த்த பிறகுதான் சந்தோஷம் குறைந்தது.

பாத்திரம் வாங்கினால் நாமெல்லாம் பேர் வெட்டுவோம். வீட்டுக்கு என்றால் வீட்டுக்காரர் பேர். கல்யாணத்துக்குக் கொடுப்பதென்றால் கொடுக்கிறவர் பேர். அதையும் விளிம்பில் சின்னதாக வெட்டுவோம். சேர்மன் தட்டின் நட்டநடுவில் வெட்டச் சொல்லியிருந்தார். பேருக்கு முன்னால் பட்டங்கள், பின்னால் பதவி, கடைசி வரியில் ‘அன்பளிப்பு’. சோறு போட்டால் மறைந்துவிடுவார், தின்று முடித்தால் திரும்ப வருவார். எங்கள் சத்துணவு ஆயா வெட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இத்தனை பட்டத்திலும் பருப்பு ஒட்டிக்கொண்டால் யார் சுரண்டுவது என்று கேட்டாள்.

தட்டு கொடுப்பதற்கு ஒரு விழா வைத்தார்கள். பழைய அலுமினியத்தை ஏலம் விடுவதற்கென்று முதலிலேயே ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். சேர்மன் வரும்வரை புதுத் தட்டில் சோறு போடக் கூடாது என்று உத்தரவு. பிள்ளைகள் வெறும் தட்டை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, பேர் வெளியே தெரிகிற மாதிரி, வரிசையில் நின்றார்கள். சோறு ஆறி, சாம்பார் ஆறி, பசியில் ஒன்றிரண்டு அழ ஆரம்பித்த பிறகு அவர் வந்தார். போட்டோ எடுத்தார்கள். அழுகிற பிள்ளைகளைப் பார்த்து, நெகிழ்ந்து போய்விட்டார்கள் என்று சொன்னார். அப்புறம் மைக்கைப் பிடித்தார்.

“நான் உங்களுக்கு சேர்மன் இல்ல. உங்க புள்ளைங்களுக்கு நான் தாய்மாமன். இது என் கையால நான் செய்ற சீரு.”

மலைக்குக் கீழே இப்படிப் பேசினால் கைதட்டிவிட்டுக் கலைந்து போவார்கள். மேடையில் ஏறுகிறவன் அண்ணன் என்பான், மாமன் என்பான், இறங்கினால் யாரோ. மலையில் உறவுமுறையை அப்படி வாய்க்கு வந்தபடி சொல்ல மாட்டார்கள். அதனால் யாரும் கைதட்டவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேர்மன் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை வாங்கி அடுக்குவதற்கு ஆயா நின்றாள். ஒரு பிள்ளையும் கொடுக்கவில்லை. தேய்த்துக் கழுவி, வெயிலுக்குத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகள், ஆசையில் எடுத்துப் போகிறார்கள், காலையில் கொண்டுவந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். காலையில் பிள்ளைகள் வந்தார்கள், தட்டு வரவில்லை.

சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் தட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திக் குங்குமம் வைத்திருந்தார்கள். குங்குமம் சரியாகச் சேர்மன் பட்டங்களின் மேல் இருந்தது. இன்னொரு வீட்டில் அது சாமைப் பானைக்கு மூடி. கடைசியாகப் போன வீட்டில் மூன்று பிள்ளைகள் எங்களிடம் சாப்பிடுகிறார்கள். வந்த மூன்று தட்டில் ஒன்றை மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அனுப்பியே விட்டார்கள். அந்த அம்மா என்னை உட்காரவைத்துக் களியும் குழம்பும் கொடுத்தாள். நான் தட்டைத் திருப்பிக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. கோபம் இல்லை, எனக்காக வெட்கப்பட்டாள்.

“எனுக்குக் கூடப் பொறந்தவன் யாரும் இல்ல டீச்சர். இம்மா வருசம் கழிச்சி ஒரு ஆளு நான் தாய்மாமன்னு வந்து நிக்கிறாரு. அவரு செஞ்ச சீர திருப்பிக் குடுத்தா இன்னா நெனைப்பாரு?”

அது சர்க்கார் தட்டு என்று சொன்னேன். சர்க்கார் பேர் எங்கே வெட்டியிருக்கிறது, காட்டுங்கள் என்றாள். அவள் நீட்டிய தட்டைத் திருப்பிப் பார்த்தேன். களியைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அதன் பிறகு பிள்ளைகள் இலையில் சாப்பிட்டார்கள். மலையில் இலைக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கொரு மந்தார இலையைப் பறித்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். சாம்பார் மறுபடியும் தொடையில் வடிந்தது. எவர்சில்வர் வந்து நாங்கள் அலுமினியத்துக்கும் பின்னால் போயிருந்தோம். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மாவட்டத்திலிருந்து அதிகாரி ஒருவர் சோதனைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. பொருள் குறைந்தால் அமைப்பாளர்தான் பொறுப்பு. கட்ட வேண்டும், கட்ட முடியாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். கட்டுவதற்கு என்னிடம் என்ன இருந்தது?

சேர்மன் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள். தம்ளரில் எந்தப் பேரும் வெட்டியிருக்கவில்லை, பார்த்துக்கொண்டேன். நடந்ததைச் சொன்னேன். மலைக்கு ஒரு நடை வந்து, இது சர்க்கார் தட்டு, பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊரே கொண்டுவந்து கொடுத்துவிடும் என்று கெஞ்சினேன். தட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் இருப்பதைக் கேட்டபோது மட்டும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எந்த வீட்டில் என்று விசாரித்தார்.

“இன்னாம்மா பேசுற நீ? அது என்னுது இல்லன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றியா? தட்டு காணாம பூட்ச்சின்னு எழுதிக் குடுத்துட்டு நீ போய்ட்டே இரு. அமைப்பாளருக்கு வேற ஆளா இல்ல?”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நாற்காலியை நகர்த்திப் போடச் சொல்கிற மாதிரி சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஆத்திரம் பாதி, பயம் பாதி. அவர் பேரைச் சர்க்கார் தட்டில் வெட்டிக்கொண்டதற்கு என் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டுமா என்று நினைத்து நினைத்து அழுதேன். அந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுசாக ஆறவில்லை.

சோதனை நாளில் அதிகாரி வருவதற்கு முன்பே ஊர் வந்துவிட்டது. அதிகாரியோடு போட்டோவில் நிற்கச் சேர்மனும் வருகிறார் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. சீர் வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும் அல்லவா? சாமை மூட்டை, பலாப்பழம், தேன், கால் கட்டிய சேவல்கள் என்று பள்ளிக்கூட முற்றமே சந்தை மாதிரி ஆகிவிட்டது. நடுவில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அதன் ஓரத்தில் ஒரு பத்தர் ஊசியும் கம்மலுமாக உட்கார்ந்திருந்தார். மலையடிவாரத்திலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவள், கூடப்பிறந்தவன் இல்லை என்றாளே, அந்த அம்மாதான். அவளுடைய கடைசிப் பெண் ஒன்றாம் வகுப்பு. மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் இல்லாததால் அந்தக் குழந்தைக்கு அதுவரை காது குத்தவில்லை.

சேர்மன் போட்டோக்காரரோடு வந்து இறங்கினார். கூட்டத்தையும் சேவல்களையும் பார்த்துப் பூரித்துப்போய்க் கும்பிட்டார். என்ன ஏது என்று புரிவதற்குள் அவரை ஜமுக்காளத்தில் உட்காரவைத்து மாலை போட்டு, குழந்தையை மடியில் கொடுத்துவிட்டார்கள். அதே நேரம் அதிகாரியின் ஜீப்பும் வந்தது. எழுந்திருக்க முடியாமல், உட்கார்ந்தபடியே சேர்மன் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டார். பத்தரின் ஊசியைப் பார்த்த குழந்தை ஊரே கேட்கிற மாதிரி அலறி, வெள்ளை வேட்டியை நனைத்தது. போட்டோக்காரர் அதையும் எடுத்தார்.

அதிகாரி நேராக என்னிடம் வந்தார். மந்தார இலைகளைப் பார்த்துவிட்டு, தட்டெல்லாம் எங்கே அம்மா என்று கேட்டார். குழந்தையின் அம்மாதான் முந்திக்கொண்டு, தட்டெல்லாம் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, தாய்மாமன் செய்த சீர், ஒரு கீறல் விழவில்லை என்று சொன்னாள். நம்பாவிட்டால் வந்து பாருங்கள் என்று நாலைந்து பேர் கூப்பிட்டார்கள்.

அதிகாரி சேர்மன் பக்கம் திரும்பினார். அது ஒன்றியத்தில் வாங்கிய தட்டா, நீங்கள் கொடுத்த தட்டா என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் ஊர் மொத்தமும் சேர்மன் வாயைப் பார்த்தது. மடியில் குழந்தை, கழுத்தில் மாலை, எதிரில் ஊசியோடு பத்தர், பக்கத்தில் அந்த அம்மா. அவர் வேறு என்ன சொல்வார், பாவம்.

“என் கைக்காசுல செஞ்சதுங்க சார்.”

ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த வாய், என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“அப்ப ஒன்றியத்துல வாங்கின தட்டு எங்களுக்கு இன்னும் வரலைங்க சார்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். சேர்மனைப் பார்த்தார். தட்டுக்கு ஒன்றியத்தில் பணம் கொடுத்தாகிவிட்டது என்று அவருக்குத் தெரியும் போலிருக்கிறது, அந்தத் தட்டுகள் எங்கே என்று கேட்டார். சரியாக அந்த நேரம் பார்த்துப் பத்தர் ஊசியை இறக்கினார். குழந்தை வீலென்று கத்தித் தாய்மாமனின் கையைக் கடித்தது. அவர் கையை உதறிக்கொண்டே, வழியில் வந்துகொண்டிருக்கிறது என்றார். வந்ததும் நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார். காதில் போட்ட கம்மலுக்கும் பத்தர் சேர்மனிடம்தான் கை நீட்டினார். அது தாய்மாமன் முறை.

தட்டுகள் சீக்கிரமே வந்தன. அதே எவர்சில்வர், அதே அளவு. இந்த முறை சேர்மன் வரவில்லை, மைக் வரவில்லை, போட்டோக்காரரும் வரவில்லை. டிரைவர் மட்டும் இறக்கி வைத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். தட்டுகளில் ஒரு எழுத்து இல்லை, நடுவில் வழவழவென்று இருந்தன. அதிகாரி சொன்னபடி வந்து பார்த்துவிட்டுப் போனார். என் வேலை தப்பியது. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கேசரி கிண்டவேண்டும் போல இருந்தது, ரவைக்கு எங்கே போவது, சாதத்தையே எல்லாருக்கும் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டேன்.

வரிசையில் அந்த அம்மாவின் கடைசிப் பெண் உட்கார்ந்திருந்தாள். காது இரண்டும் இன்னும் வீங்கியிருந்தது. தட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“டீச்சர், இதுல பேரே இல்ல. இது யாருது?”

ஒன்றியம், சர்க்கார் என்றெல்லாம் சொன்னால் அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும்? “உன்னுதுதான். உங்க எல்லாருதும்” என்றேன்.

“அப்ப வூட்டுக்கு எடுத்துனு போவட்டா?”

கூடாது, தினமும் சாப்பிட்டுவிட்டு இங்கேயே வைத்துவிட வேண்டும் என்றேன். அடுத்த சோதனை என் கண்ணில் நின்றது. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொய் சொல்கிற பெரியவர்களைப் பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படி.

“மாமா குடுத்தது வூட்ல கீது. அதான் என்னுது” என்று சொல்லிவிட்டு, தட்டைக் கீழே வைத்துச் சோறு போடச் சொன்னாள். சோற்றைப் போட்டேன்.