மேற்படி டீச்சரைப் பார்க்கத் தரங்கம்பாடிக்கு

காலை 6.40. பாபநாசம் ரயில் நிலையத்தில் மயிலாடுதுறைக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஆளுக்குப் பதினைந்து ரூபாய். ஜெமிமா டீச்சரையும் கடலையும் பார்க்கப் போகிறோம் என்று என் மனைவி சலோமி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். நான் போனது, ஒரு மொட்டைக் கடிதம் எழுதியதை ஒப்புக்கொள்ள. அது அவளுக்குத் தெரியாது.

ஜன்னல் சீட்டு கிடைத்தது. நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது. கும்பகோணத்தில் கூட்டம் ஏறியது. திருவிடைமருதூரில் இறங்கியது. நான் சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எனக்கு அறுபத்திரண்டு வயது, டீச்சருக்கு முப்பத்திரண்டு. எங்கள் ஊர்ப் பள்ளியில் அறிவியல் நடத்தினார். புதன்கிழமை மாலைகளில் ஆலயத்தில் பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் நல்ல சமாரியன் கதை வாசித்தோம். அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் கோயில் ஆசாரியன் விலகிப் போகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, "அந்த ஆசாரியன் நம்ம சபையில யாருங்க?" என்று கேட்டார். பதினெட்டு வருடமாகச் சபைச் செயலாளர் நான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காது சூடாகிவிட்டது.

அன்றே போதகருக்குப் பெயர் போடாமல் புகார் எழுதினேன். வகுப்பு நின்றது. மறுவருடம் டீச்சர் மாற்றலாகித் தரங்கம்பாடிக்குப் போனார். அவருடைய கேள்வி மட்டும் எங்கும் போகவில்லை. முப்பத்தைந்து வருடம் தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்தவன் நான். வேதத்தையும் பட்டா போலத்தான் பார்த்துவந்தேன், என் பெயர் சரியாக இருக்கிறதா என்று. இப்போது எந்த அதிகாரத்தைத் திறந்தாலும் தப்பு செய்தவன் இடத்தில் நான் நிற்கிறேன். இயேசுவைச் சாகக் கொடுத்துவிட்டுப் பிலாத்து கை கழுவினால் என் கை ஈரமாகிறது. போன மாதம் ராஜகிரி பக்கம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கிடந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கருணையால் அல்ல, டீச்சருக்குப் பயந்து.

9.15. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி பஸ், முப்பது கிலோமீட்டர். சலோமி பட்டுப்புடவை, நான் வெள்ளை வேட்டி. நடத்துநர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தரங்கம்பாடிக்கு டிக்கெட் கொடுத்ததையும் மறந்து, திருக்கடையூரில் விசில் ஊதி நிறுத்தினார்.

"இறங்குங்க ஐயா, கோயில் இங்கதான். அறுபதாம் கல்யாணம்தானே?"

"நாங்க தரங்கம்பாடி போறோம்."

"இங்க முடிச்சுட்டுப் போங்களேன். நல்ல முகூர்த்தம்."

"இவரோட இன்னொரு தடவை கல்யாணமா?" என்றாள் சலோமி. "வேண்டாம் தம்பி, வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கும் நிலையில் இல்லை.

மதியம் 12.30. டீச்சர் வீடு கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. சங்கரா மீன் வறுத்திருந்தார். முதல் கவளத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். "டீச்சர், அந்தக் கடிதம் எழுதுனது நான்தான்."

"தெரியும்ங்க ஐயா."

"எப்படி?"

"போதகர் என்கிட்ட காட்டுனார். 'மேற்படி ஆசிரியை மேற்படி கேள்வியை மேற்படி ஆலய வளாகத்திலேயே கேட்டார்'னு இருந்துச்சு. நம்ம சபையில மேற்படின்னு வேற யாரு எழுதுவாங்க?"

சலோமி என் தட்டிலிருந்த மீனை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.

"கோபம் வரலையா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. வழியனுப்புறப்ப மாலை போட்டுப் பேசுனீங்களே, அன்னைக்கு ரொம்ப வந்துச்சு. ஆனா ஒண்ணு. என் கேள்வியை ஒரு வார்த்தை மாறாம எழுதியிருந்தீங்க. அந்த வகுப்புல அவ்வளவு கவனமாக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

"அன்னைக்கு எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க, அவமானமாப் போச்சு. மன்னிச்சிடுங்க டீச்சர்."

"மன்னிச்சாச்சுங்க. ஆனா வகுப்பு இன்னும் நின்னுதானே கிடக்கு? அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

இன்னொரு கேள்வி. நான் ரசத்தைக் கேட்டு வாங்கினேன்.

மாலை 4.15. திரும்பும் பஸ். இத்தனை தூரம் போய்க் கடலைப் பத்து நிமிடம்கூட நின்று பார்க்கவில்லை. பஸ் ஆக்கூரைத் தாண்டியது. சலோமி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னைக்கு எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்த்தாங்கன்னு டீச்சர்கிட்ட சொன்னீங்களே. நானும் அந்த வகுப்புல இருந்தேன். யாரும் உங்களைப் பார்க்கலை."

"பின்னே?"

"அவங்கவங்க தரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க."

"நீ?"

"நானும்தான்."

பாபநாசத்தில் இறங்கும்போது ஏழு மணி. வீட்டுக்குப் போகாமல், போதகர் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். "போய்ச் சொல்லி, வகுப்பைத் திரும்ப ஆரம்பிக்கக் கேட்டுட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றாள் சலோமி. நான் கேட்டைத் திறப்பதற்குள் என்ன நினைத்தாளோ, அவளும் இறங்கி வந்தாள்.