நான்கு வெள்ளிக்கிழமை பில்கள்

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்குப் பார்க்கிறேன். ஒரு சம்பா அறுவடை மும்முரத்தில் கல்லாவில் ஒரு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து நானூற்று முப்பது ரூபாய் குறைந்தது. கல்லாச் சாவி இரண்டு பேரிடம்தான். ஒன்று முதலாளியிடம், இன்னொன்று என்னிடம். தன் பணத்தைத் தானே யார் திருடுவார்? மூட்டை இறக்குகிறவர்கள் எல்லாரும் பார்க்க, "பணம் எங்க போச்சும்மா?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

திருடி என்ற பெயரோடு வீட்டுக்குப் போவதில்லை என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். எழுதிய செலவில் ஒரு ரூபாய் பிசகில்லை. அப்படியானால் யாருக்கோ கொடுத்த பணம் எழுதாமல் விட்டுப்போயிருக்கிறது. நெல் வாங்கி, பணம் கொடுத்ததாக எழுதாத பில்களை எக்செலில் வரிசையாகப் போட்டேன். எந்தெந்தப் பில்லைக் கூட்டினால் குறைகிற தொகை வரும்? கையால் கூட்டினால் அடுத்த குறுவையே வந்துவிடும். எக்செலில் சால்வர் என்று ஒன்று உண்டு. பில் பக்கத்தில் ஒன்றோ பூஜ்யமோ போடு, ஒன்று போட்டதை மட்டும் கூட்டு, இந்தத் தொகை வரும்வரை விடாதே என்று அதற்கு உத்தரவு போடலாம். போட்டேன்.

முதல் விடையில் ஒரத்தநாட்டுக்காரர் ஒருவரின் பில் இருந்தது. போன் செய்தேன். "எங்க குடுத்தீங்க? நானே கேக்கணும்னு இருந்தேன்" என்று பிடித்துக்கொண்டார். அவர் பில்லை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். நான்கு பில்கள் வந்தன. தேதியைப் பார்த்தேன், நான்குமே வெள்ளிக்கிழமை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை எங்கள் முதலாளி காலணா வெளியே விடமாட்டார், லட்சுமி போய்விடுவாளாம். அன்றைய பில்லுக்கெல்லாம் மறுநாள்தான் பணம். நான்கு பேருக்கும் போன் போட்டேன். நால்வரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "சனிக்கிழமை விடியக்காலையிலயே முதலாளி குடுத்துட்டாருங்களே." நான் மில்லுக்கு வருவதே ஒன்பது மணிக்கு.

முதலாளியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

"ஆமாம்மா, நான்தான் குடுத்தேன். பில்லைப் பாத்து நீங்களே எழுதிக்குவீங்கன்னு விட்டுட்டேன். சரி, இதோட விடுங்க."

"விட முடியாதுங்க. எல்லார் முன்னாலயும் கேட்டீங்க. எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு களத்துக்கு நடந்தார். பின்னாலேயே போனேன்.

"கணக்குல தப்பு இல்லப்பா. குடுத்துட்டு மறந்தது நான்" என்றார்.

மூட்டையோடு நடந்துகொண்டிருந்தவர்கூட நின்று கேட்டார். இன்னொரு தடவை சொன்னால் தேவலை என்று இருந்தது எனக்கு.