அலாரத்துக்கு மாட்டிய தொப்பி

ஜெர்சி சிட்டியில் இரண்டு படுக்கையறை வீட்டில் ஏழு பேர் குடியிருந்தோம். சமையலறைக் கூரையில் இருந்த புகை அலாரத்துக்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்டிவைத்திருந்தோம். தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் ஒப்பந்த வேலைக்கு அங்கே வந்த எந்தத் தமிழனும் இதை விசித்திரமாக நினைத்திருக்க மாட்டான். கடுகு தாளித்தால் கட்டடமே ஊளையிடும் நாட்டில் மனிதன் வேறென்ன செய்வான்? தொப்பி என்னுடையதுதான். என் தலையில் இருந்த முடிக்கு அது ஆடம்பரம்.

வீடு ஈரோட்டுக்காரர் ஒருவர் பெயரில் இருந்தது. வேலை அமையும்வரை தங்க வந்த யாரையும் அவர் போகச் சொன்னதில்லை. ஆளுக்கொரு மெத்தை, அதுவே ஆளுக்குரிய நிலம். ஹாலில் ஜன்னலோர மூலை அவருடையது. பெட்டி, சட்டை, சாமி படம் எதுவும் அந்த மெத்தையின் எல்லையைத் தாண்டாது.

அவர் மனைவிக்கும் மகளுக்கும் ஒருவழியாக விசா கிடைத்தது. சனிக்கிழமை வருகிறார்கள். நாங்கள் வேறு இடம் பார்த்துவிட்டோம். பயமெல்லாம் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம்தான். கூட்டம் சேர்த்தால் வீடு போய்விடும் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆகவே நாங்கள் வீட்டிலிருந்து ஒருவர் ஒருவராக, ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரிதான் வெளியே போவோம்.

வருகிறவர்களுக்காக வீட்டைத் துடைத்தோம். ஒட்டடை அடித்த உற்சாகத்தில் யாரோ தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். அந்தப் புண்ணியவான் யார் என்ற வழக்கில் இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. இன்னொருவன் ரசத்துக்கு மிளகாய் வறுத்தான்.

சில நிமிடங்களில் கட்டடம் முழுவதும் நடைபாதையில் நின்றது. தீயணைப்பு வண்டி வந்தது. மற்றவர்கள் குழந்தையையும் நாயையும் தூக்கிக்கொண்டு இறங்கியிருந்தார்கள். நாங்கள் ஏழு பேரும் பனிக்காற்றில் லுங்கியோடு, பாஸ்போர்ட்டும் சர்ட்டிஃபிகேட்டும் இருந்த ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கோர்ட் வாசலில் காத்திருக்கும் கட்சிக்காரர்கள் மாதிரி வரிசையாக நின்றோம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் எதிரேதான் நின்றார். அதற்குப் பிறகு அவர் எண்ணிப் பார்க்க ஒன்றும் இல்லை.

ஈரோட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "அவ பிளேன் ஏறப்போறாளே, எங்கீங்க கூட்டிட்டுப் போறது?" என்று என்னிடம் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற நான், அவர் அக்குளிலிருந்து நழுவிய ஃபைலைப் பிடித்துக் கொடுத்தேன்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் எங்களோடு மேலே வந்தார். துருக்கிக்காரர் என்பது அன்றுதான் தெரிந்தது. படியேறும்போதே ஈரோட்டுக்காரர், சனிக்கிழமை மனைவியும் மகளும் வருவதை அவரிடம் சொல்லிவிட்டார். மெத்தைகளைச் சுற்றி வந்தவர், கத்தப்போகிறார் என்று நாங்கள் காத்திருந்தபோது, ஜன்னலோர மெத்தை அருகே நின்றுவிட்டார். அவருடைய அப்பா ஜெர்மனியில் தொழிற்சாலை வேலைக்குப் போனவராம். சிறுவனாக இவரை அங்கே அழைத்துப்போன அன்று, ஓர் அறை முழுக்க அடுக்குக் கட்டில்கள், முன்பின் தெரியாத ஆண்கள், காயும் சாக்ஸ். நம் வீடு எது என்று இவர் கேட்டாராம். அப்பா ஒரு கட்டிலைக் காட்டினாராம்.

உடைந்த ஆங்கிலத்தில் இதைச் சொல்லிவிட்டு, ஈரோட்டுக்காரர் இருக்கலாம், வெள்ளிக்கிழமைக்குள் மற்றவர்கள் கிளம்பிவிட வேண்டும் என்றார். தொப்பியையும் கையோடு எடுத்துப்போனார். நாங்கள் திட்டுக்குத் தயாராக வந்தவர்கள். அந்தக் கட்டிலுக்கு யாரும் தயாராக இல்லை. அடுப்பில் பாதியில் நின்ற ரசத்தைத் தொடக்கூட ஆளில்லை.

வெள்ளிக்கிழமை காலி செய்தோம். சனிக்கிழமை, புது லைசென்ஸ் வைத்திருந்த பாவத்துக்கு, நான்தான் ஏர்போர்ட்டுக்கு டிரைவர். திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு பளபளவென்று, மைதானம் மாதிரி கிடந்தது. குழந்தை ஓடி ஓடிப் பார்த்தது. ஈரோட்டுக்காரர் பெரிய பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தார். இரண்டு படுக்கையறைகளும் திறந்தே கிடந்தன. அவர் எல்லாவற்றையும் ஜன்னலோர மூலையில், மெத்தை அகலத்துக்குள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். ஒரு பெட்டியின் முனை கொஞ்சம் வெளியே நீண்டிருந்தது. அதையும் காலால் உள்ளே தள்ளினார்.

அவர் மனைவி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

"ஏனுங்க, இன்னும் யாராச்சும் வர்றாங்களா?"