அந்தோணியார் ரொட்டியும் என் பட்டியலும்

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு, எனக்கும் அந்தோணியாருக்கும் சண்டை வந்தது. சென்ற வாரம் இந்தப் பக்கத்துக்கு நான் வராமல் போனதும் அதனால்தான். இரண்டு வாசகிகள் கார்டு போட்டே கேட்டுவிட்டார்கள். சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் அந்தோணிசாமிக்கு டைபாய்டு ஜுரம். ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில், சுண்ணாம்புக் குழிகளுக்கு மேஸ்திரி. ஈரத்தோடு எருமைத் தோலைத் தோளில் தூக்கிப் போடுகிற ஆள், பத்தொன்பது நாளில் பாயோடு பாயாகிவிட்டான்.

நான் வேலூரில் படித்துக் கம்பவுண்டர் பரீட்சை தேறியவள் என்பது உங்களுக்குத் தெரியும். எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. அண்ணன் படுத்த மறுநாளே சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினேன். கொடுக்கலாம்: பார்லித் தண்ணீர், மோர்த் தெளிவு, ஆரோரூட் கஞ்சி. கொடுக்கவே கூடாது: சோறு, இட்லி, தோசை, களி, வாழைப்பழம், கறி, முறுக்கு... இப்படிப் பதினான்கு. அடியில் கையெழுத்து வேறு!

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். தினமும் காலையில் செபமாலை முடிந்ததும் அந்தப் பட்டியலையும் ஒரு தரம் சத்தமாகப் படித்துவிடுவாள். இரண்டுக்கும் ஒரே ராகம்.

பட்டினி கிடக்கிறவன் இதையெல்லாம் கேட்பானா?

"பிலோ, அரை இட்லி."

"கூடாதுண்ணா."

"சரி, கால் இட்லி."

ஷாப்பிலிருந்து பார்க்க வந்திருந்த காதர் பாய் வாசலில் நின்றபடியே சிரித்தார். "இன்னா மேஸ்திரி, பேரமா? உன் தங்கச்சி நம்ம முதலாளிய விட கறார்பா. கம்மி பண்ண மாட்டாங்க."

நான் கம்மி பண்ணவில்லை. ஆனால் அம்மா தன் வைத்தியத்தைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குப் புனித அந்தோணியார் பெயர். "பேரு குடுத்தவரு பாத்துக்குவாரு" என்று மூன்று செவ்வாய் ஒருசந்தி இருந்தாள். அந்த நாட்களில் ஒரே வேளைச் சாப்பாடு. மூன்றாம் செவ்வாய், கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுக்கிற சின்ன ரொட்டியை வாங்கி வந்து, மகனுக்குத் தன் கையால் ஊட்டுவதாக நேர்ச்சை. என்னிடம் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த மூன்றாம் செவ்வாய்தான் அது. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குள் நுழைகிறேன். அண்ணி விசிறிக்கொண்டிருக்கிறாள். அம்மா கையில் ரொட்டி. அண்ணன் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்திருக்கிறான்.

"அம்மா!"

நான் போட்ட சத்தத்தில் அண்ணி கையிலிருந்த விசிறி கீழே விழுந்தது.

"இன்னாடி இப்படிக் கத்தறே? அந்தோணியார் ரொட்டிடி."

"யார் ரொட்டியா இருந்தா இன்னாம்மா? கெட்டியா எதுவும் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கேன்ல?"

"எங்க எழுதி வச்சிருக்கே? காட்டு."

சுவரைப் பார்த்தேன். பதினான்கு வரியையும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்தேன். ரொட்டி இல்லை!

எங்களைப் போன்ற வீடுகளில்தான் இந்தத் தப்பு நடக்கும். எங்கள் வீட்டுக்குள் ரொட்டி எப்போது வரும்? யாராவது ஜுரத்தில் படுத்தால்தான். எங்களுக்கு அதுவும் ஒரு மருந்து. தின்கிற பண்டங்களை நினைத்து நினைத்து எழுதியவளுக்கு, மருந்தை அந்த வரிசையில் சேர்க்கத் தோன்றவே இல்லை.

"உள்ள எவ்ளோ போயிருக்கு?"

"ஒரே வாய். சுண்டக்கா அளவு."

"மெல்லக்கூட இல்ல பிலோ, அப்படியே முழுங்கிட்டேன்" என்றான் அண்ணன், பெருமையாக. "இன்னொரு வாய் குடும்மா."

குடல், புண், ஓட்டை என்று மூன்று வாரமாகச் சொல்லி அலுத்துப்போயிருந்தேன். அன்றைக்கு வேறு மாதிரி கேட்டேன்.

"ஏண்ணா, தோலு சுண்ணாம்புக் குழியில நாலு நாள் ஜாஸ்தியா ஊறிப்போனா இன்னா ஆவும்?"

"நகம் பட்டாலே கிழிஞ்சிடும்."

"உன் கொடலு இப்போ அப்படித்தான் இருக்குது."

அண்ணன் என்னைப் பார்த்தான். அம்மா நீட்டிய கையைப் பார்த்தான். வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

அம்மா அழ ஆரம்பித்தாள். "மூணு வாரம் கெஞ்சிக் கேட்டு வாங்கினதுடி. இப்போ வேணாம்னா அவரு இன்னா நெனைப்பாரு?"

எனக்குக் கோபம் அவர்மேலும்தான். இத்தனை பேர் கேட்கிற பெரிய மனிதர், அதைக் கஞ்சியாகக் கொடுக்கக் கூடாதா? ஆனால் சுண்டைக்காய் அளவு உள்ளே போய்விட்டது. அதற்குமேல் யாரோடு சண்டை போடுவது? மாடத்திலிருந்த அந்தோணியார் படத்தின் முன்னால் நின்று, அம்மாவுக்குக் கேட்காமல் சொன்னேன்: "தப்பு என்னுது. அவன் கணக்குல எழுதிடாதீங்க."

மறுநாள் காலை தெர்மாமீட்டர் வைத்தேன். முந்தின சாயங்காலம் நூற்றொன்று. இப்போது தொண்ணூற்றெட்டு!

அம்மா அங்கேயே முழந்தாளிட்டுவிட்டாள். "பாத்தியா? பாத்தியாடி? சேசு மரி சூசையே!"

டைபாய்டில் ஜுரம் திடீரென்று இறங்குவதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, நோய் விலகுவது. மற்றொன்று, குடல் பொத்துக்கொள்வது. அம்மா முதலாவதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டாவதற்குப் பயப்படத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

குடல் பொத்திருந்தால் நாடி வேகமாக ஓடும். எண்ணினேன்... எண்பத்திரண்டுதான். வேர்வை சில்லென்று இருக்கும். நெற்றியைத் தொட்டேன். உலர்ந்துதான் இருந்தது. கடைசியாக வயிறு. பலகை மாதிரி விறைத்திருந்தால் கதை முடிந்தது. விரலை வைத்து மெல்ல அழுத்தினேன்.

"ஏய், கூசுதுடி! எடு கைய!"

அண்ணன் சிரித்தான். விரலுக்கடியில் வயிறு குலுங்கியது, மெத்தென்று. அவன் பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஜுரம் ஏறவில்லை. மிஞ்சிய மந்திரித்த ரொட்டியை எறியக் கூடாதே! "அவன் பேரச் சொல்லி நீ தின்னு" என்றாள் அம்மா, அன்று காலையே. காய்ந்து கல்லாகியிருந்தது. முந்தின நாள் பகலிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு துணுக்கு விடாமல் தின்றேன்.

இப்போது அண்ணன் பிழைத்ததில் ஆளுக்கு ஒரு பங்கு கேட்கிறார்கள். அம்மா அந்தோணியார் என்கிறாள். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, பத்தியம்தான் காப்பாற்றியது என்கிறார். அண்ணி, தன் தாலி பாக்கியமாம். காதர் பாய், வெள்ளிக்கிழமை மசூதியில் தான் கேட்ட துவாவாம். எனக்கும் இரண்டு பேர் பங்கு கொடுக்க வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

வேறு மாதிரி முடிந்திருந்தால்? பங்கு கேட்க ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். முழுதும் எனக்கே வந்திருக்கும்.