குழிக்குள் இருந்தவருக்குத் தெரியாத மடிப்பு

ப்ரொபோலிங்கோ நகரில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடைகள் எத்தனையோ உண்டு. தரையில் குழி வெட்டி வைத்திருந்தது டாருஸ்மானின் கடை மட்டும்தான். இடுப்பளவுக் குழி. அதற்குள் தையல் மெஷினை இறக்கி, அதன் பலகை தரைமட்டத்துக்கு வரும்படி நிறுத்தி, பின்னால் ஒரு முக்காலி போட்டிருந்தார். பத்து மீட்டர் தார்ப்பாய் தரையிலேயே விரிந்து கிடக்கும். தொங்கி ஊசியை இழுக்காது. நல்ல யோசனைதான், ஆனால் அவருடையதல்ல. சுரபாயாவில் பாய்மரத் துணி தைக்கும் பட்டறை ஒன்றில் மூன்று நாள் இருந்து பார்த்துவிட்டு வந்தது. அங்கே கொடுத்த சான்றுக் காகிதத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினார்; அதன் கீழேயே குழி வெட்டினார்; அன்று முதல் தன்னை நிபுணர் என்று சொல்லிக்கொண்டார்.

மூன்று நாளில் ஒருவர் நிபுணராகலாம் என்றால், பதினோரு வருஷமாக அதே கடையில் துணி இழுத்துக்கொடுக்கும் துரியாவை என்னவென்று அழைப்பது? டாருஸ்மான் அவளை ‘இழுவை’ என்று அழைத்தார்; அவள் அவரை ‘பாக்’, அதாவது ஐயா என்று அழைத்தாள்.

மெழுகு ஏற்றிய கித்தான் ஒரு கன்றுக்குட்டி கனம் இருக்கும். அதைச் சுருட்டி, முட்டி போட்டு நகர்ந்து, ஊசியின் வேகத்துக்கு ஈடாகத் தள்ளவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். ஒரு கணம் பிந்தினால் தையல் கோணிவிடும். கோணினால் திட்டு அவளுக்கு, நேராக வந்தால் பாராட்டு அவருக்கு. துரியாவுக்கு ஒரே ஒரு ஆசை, அந்த முக்காலி. வெள்ளிக்கிழமைகளில் அவர் தொழுகைக்குப் போகும் ஒரு மணி நேரம் குழியில் இறங்கிக் கழிவுத் துண்டுகளைத் தைத்துப் பழகினாள். முக்காலியின் மேல் கிடந்த திண்டுகூட அப்படி அவள் தைத்ததுதான். யாரோ லாரிக்காரன் விட்டுப்போனது என்று நினைத்து டாருஸ்மான் அதன் மேல் உட்கார்ந்து, “தையல்னா இப்படி இருக்கணும்” என்று அவளுக்கே பாடம் நடத்துவார்.

ஒருநாள் காலை புனாவி என்ற லாரிக்காரன் வந்தான். மதியம் வெங்காயம் ஏற்றவேண்டும், அதற்குள் தார்ப்பாய் வேண்டும் என்றான். மழைக்காலம்.

லாரித் தார்ப்பாயில் நடுப்பட்டைதான் முகடு. அங்கிருந்து இரண்டு பக்கமும் ஓடு வேய்வதுபோல மேல்பட்டையின் விளிம்பு கீழ்ப்பட்டையின் மேல் படிந்து இறங்கவேண்டும். டாருஸ்மானின் கை எப்போதும் இடதுபட்டையை வலதுபட்டையின் மேல்தான் வைக்கும். அதனால் ஒரு பக்கம் முடிந்ததும் துரியா மொத்தத் துணியையும் தலைமாற்றித் திருப்பிப் போடுவாள். பதினோரு வருஷமாக அவர் கேட்காமலே செய்துவந்தாள். அவள் ஏன் திருப்புகிறாள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. குழிக்குள் உட்கார்ந்தவருக்குக் கண்ணெதிரே ஒரு சாண் தையல்தான் தெரியும்.

அன்றும் ஒரு பக்கம் முடிந்ததும் அவள் துணியைத் திருப்பத் தொடங்கினாள்.

“ஏய், என்ன பண்றே? நேரமாகுது. சுருட்டி மெஷினுக்கு அடியில தள்ளு, போதும்.”

“பாக், திருப்பலைன்னா மடிப்பு மேல பாத்து நிக்கும். அதுல தண்ணி தேங்கும்.”

“மேல பாக்குமாம்! அதுக்குக் கண்ணு இருக்கா? இழுக்கிறவ இழு.”

டீ குடித்துக்கொண்டிருந்த புனாவி, “அக்கா சொல்றதையும் கொஞ்சம் கேளுங்கண்ணே. நனையப்போறது என் வெங்காயம்” என்றான்.

“கேளு புனாவி. தண்ணி பீய்ச்சிப் பாக்கும்போது ஒரு சொட்டு என் மேல விழட்டும், இவ குழியில உக்காரட்டும், நான் துணி இழுக்கறேன்.”

“முக்காலியும் சேத்துதானே பாக்?” என்றாள் துரியா.

“எல்லாம் சேத்துதான்டீ!”

“நான் சாட்சி” என்றான் புனாவி.

துரியா அவர் சொன்னபடியே சுருட்டினாள், தள்ளினாள், இழுத்தாள்.

தைத்த தார்ப்பாயை மூங்கில் சட்டத்தில் கூரை மாதிரி கட்டி, மேலே தண்ணீர் பீய்ச்சிப் பார்ப்பது அந்தக் கடையின் வழக்கம். அப்போது டாருஸ்மான் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, கையில் காப்பியோடு கீழே நாற்காலி போட்டு உட்காருவார். இதைப் பார்க்கவே பக்கத்து டயர்க் கடைக்காரர்கள் வருவார்கள். சர்க்கஸில் சிங்கத்தின் வாய்க்குள் தலையைக் கொடுப்பவனுக்குக்கூட முகத்தில் அவ்வளவு பெருமிதம் இருக்காது.

முதல் பக்கம் ஒரு சொட்டு இறங்கவில்லை. நாற்காலியை மறுபக்கம் நகர்த்திக் கால்மேல் கால் போட்டார். துரியா குழாயைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மேல்நோக்கி வாய் திறந்து நின்ற மடிப்பு நிரம்பவேண்டுமே. நிரம்பியது. காப்பிக்குள் ‘டொப்’ என்று ஒரு சத்தம்.

“வேர்வை” என்றார் டாருஸ்மான்.

அடுத்தது காலரில் விழுந்தது. அப்புறம் ஒவ்வொரு ஊசித்துளையிலிருந்தும் ஒவ்வொரு சொட்டாக, நூல் பிடித்த மாதிரி நேர்வரிசையில் அவர் வழுக்கைமேல் இறங்கியது.

“அண்ணே, காப்பி ரொம்ப நீத்துப்போச்சு” என்றான் புனாவி.

நூல் மட்டம் என்றார், ஊசி மட்டம் என்றார், காற்று அந்தப் பக்கம் என்றார். சாட்சி புனாவி குழியைக் கை காட்டினான்.

துரியா இறங்கினாள். தவறிய தையலைப் பிரித்து, துணியைத் தலைமாற்றிப் போடச் சொன்னாள். நிபுணர் இழுத்தார். இரண்டு முழம் நகர்வதற்குள் மூச்சு வாங்கியது, நகம் பெயர்ந்தது. போதாக்குறைக்குச் செருப்புக் காலோடு துணிமேல் நின்றுகொண்டு அதையே இழுத்தார்.

“செருப்பைக் கழட்டிட்டு இழுங்க பாக். நீங்க நிக்கிற துணி எப்படி வரும்?”

சாயங்காலம்தான் புனாவி வெங்காயம் ஏற்றிக் கிளம்பினான். வழியெல்லாம் மழை, வழியெல்லாம் டீக்கடை. எல்லா டீக்கடையிலும் கதையை இறக்கிவிட்டே போனான்.

மறுநாள் துரியா வந்தபோது டாருஸ்மான் விடியலிலேயே குழிக்குள் இறங்கி, ஒன்றும் நடக்காததுபோல முக்காலியில் அமர்ந்திருந்தார். சொன்ன சொல்லை ஒரு ராத்திரிகூடக் காப்பாற்றாத மனுஷர். அவள் வாசலிலேயே நின்றாள். தோளில் கிழிந்த தார்ப்பாயோடு ஒரு புதிய லாரிக்காரன் அவளைத் தாண்டி உள்ளே போய்க் குழியை எட்டிப் பார்த்தான்.

“என்ன அண்ணே, தைக்கிற அக்கா இன்னும் வரலையா?”

டாருஸ்மான் சட்டத்துக்குள் இருந்த காகிதத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து, குழியின் விளிம்பில் கைகளை ஊன்றி ஏறினார். செருப்பை அவரே கழற்றினார்.