ஷட்டர் திறந்திருந்த நான்கு விநாடி

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நடந்தது 1978 ஆகஸ்டில், சிங்கப்பூரில், ஃபேரர் பார்க் பக்கத்து அடுக்குமாடி வீடு ஒன்றின் ஏழாவது மாடியில். நடந்தது ஆம்ப்ரோஸுக்கு. சிராங்கூன் ரோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த அந்த மனிதருக்குப் பொய் சொல்லவே வராது. கல்யாணப் பெண்ணிடமே "நீங்க சிரிக்காம இருந்தா நல்லாருக்கும்" என்று சொல்லி வாடிக்கையைக் கெடுத்துக்கொண்ட ஆள். அவர் கதை கட்டினார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அன்று மதியம் இஞ்ஞாசி என்பவரின் சாவு வீட்டுக்குப் படம் எடுக்கப் போயிருந்தார். பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்வது மாதா கோயில் ஜனங்களின் வழக்கம். இந்த வீட்டில் அதற்கு இன்னொரு அவசியமும் இருந்தது. ஒரே மகன் பிலவேந்திரனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அவன் நடுக்கடலில் இருந்தான். அப்பாவின் முகத்தை அவன் கடைசியாகப் பார்க்க இந்தப் படத்தை விட்டால் வேறு வழியில்லை.

"மொகம் தெளிவா விழணும் தம்பி," என்றார் இஞ்ஞாசியின் மனைவி அல்போன்சம்மாள். "ஆனா ஃபிளாஷ் அடிக்காதீங்க. தூங்குற மாதிரி கெடக்காரு. கண்ணு கூசும்."

செத்தவருக்குக் கண் கூசுமா என்று கேட்க ஆம்ப்ரோஸுக்கே மனம் வரவில்லை.

வெளியே மழை இருட்டு. மெழுகுவர்த்தி அணையாமல் இருக்க மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். அந்த வெளிச்சத்துக்கு ஷட்டரை நான்கு விநாடி திறந்து வைத்தால்தான் பிலிமில் ஏதாவது பதியும். கேமராவை முக்காலியில் இறுக்கினார். நான்கு விநாடி என்றால் உயிருள்ளவர்கள் லேசாக ஆடிவிடுவார்கள், கொஞ்சம் கலங்கித்தான் விழுவார்கள். செத்தவர் முகம் மட்டும் செதுக்கி வைத்த மாதிரி விழும். மகனுக்கு வேண்டியது அதுதானே என்று தைரியமாக இருந்தார்.

"யாரும் அசையாதீங்க லா. மூச்சப் புடிச்சுக்குங்க."

அல்போன்சம்மாள் பெட்டிக்குள் குனிந்தார். "நீங்களும் ஆடாம இருங்க. படம் புள்ளைக்குப் போவுது."

மணி இரண்டு நாற்பது. க்ளிக். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு. க்ளிக்.

நடுவில் ஒரு சத்தம் கேட்டது. சர்... சர்... துணி உரசும் சத்தம். யாரோ புடவையைச் சரிசெய்கிறார்கள் என்று எண்ணி, இன்னும் இரண்டு படம் எடுத்தார். இரண்டு முறையும் அல்போன்சம்மாள் அதையே சொன்னார். இரண்டு முறையும் அந்தச் சத்தம் கேட்டது. இன்னும் வேகமாக...

மறுநாள் காலை அடக்கம் முடிந்தது. மாலை ஆறு மணிக்கு ஆம்ப்ரோஸ் ஸ்டுடியோ இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டு, முதல் படத்தை அச்சுப் போட்டார்.

வெள்ளைத் தாள் மருந்தில் மிதந்தது. பெட்டி வந்தது. பூ வந்தது. விரல்களில் ஜெபமாலை, மணி மணியாக எண்ணலாம். சுற்றி நின்றவர்கள் அவர் நினைத்தபடியே லேசாகக் கலங்கி வந்தார்கள்.

இஞ்ஞாசிக்கு முகம் இல்லை.

கழுத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு தேய்ப்பு. தலையணை ஓரத்துத் தையல்கூடத் தெளிவாக இருந்தது. முக்காலி ஆடியிருந்தால் எல்லாமே அல்லவா கலங்கியிருக்கும்?

வெளிச்சத்தைக் கூட்டிப் போட்டார். குறைத்துப் போட்டார். வேறு தாளில் போட்டார். கேமராவில் விட்ட தவறில் பாதியை இருட்டறையில் சரிக்கட்டிவிடலாம். கறுப்பும் வெளுப்பும் அங்கே அவர் சொன்னபடி கேட்கும். ஆனால் ஷட்டர் திறந்திருந்தபோது அசைந்தது அசைந்ததுதான். நெகடிவில் விழாத முகத்தை எந்த மருந்தும் கொண்டுவராது.

இரண்டாவது படம். தேய்ப்பு இன்னும் அகலம்.

மூன்றாவது... காதிலிருந்து காதுவரை.

இடம்... வலம்... இடம்... வலம்...

சர்... சர்...

அது புடவை இல்லை.

தலையணை.

கை தானாகப் போய் வெள்ளை விளக்கைப் போட்டது. திறந்திருந்த தாள் அத்தனையும் பாழ். அவருக்கு அது உறைக்கவே இல்லை. உயிரோடு புதைத்துவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் அந்த உடம்பு இரண்டு இரவு ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் கிடந்துவிட்டு வந்தது.

நான்கு நாள் ஸ்டுடியோவையே திறக்கவில்லை. ஐந்தாம் நாள் அல்போன்சம்மாளே தேடி வந்தார்.

"கப்பல் பம்பாய் சேர்றதுக்குள்ள அனுப்பணும் தம்பி."

வேறு வழியில்லாமல் மூன்றாவது படத்தை நீட்டினார். அந்த அம்மாள் அழவில்லை. படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அவருதான்," என்றார்.

"மொகமே விழலியேம்மா."

"இன்னும் கொஞ்சம் சோறு போடவான்னு கேட்டா, வேணாம்னு இப்படித்தான் தலையாட்டுவாரு. முப்பது வருசமாப் பாக்குறேன்." அந்தத் தேய்ப்பின் மேல் விரலை இப்படியும் அப்படியும் ஓட்டினார். "படம் புடிக்கிறப்ப அவருகிட்ட நான் என்ன சொன்னேன்?"

ஆம்ப்ரோஸ் நினைவுபடுத்தினார். "படம் புள்ளைக்குப் போவுதுன்னு..."

"அதுக்கு ஏன் வேணாங்குறாரு?"

அல்போன்சம்மாள் படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை கப்பல் ஏஜெண்டு ஆபீஸிலிருந்து ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அந்த ஏழாவது மாடிக்கு வந்தார். பிலவேந்திரன் புயலில் கடலில் விழுந்துவிட்டான், உடல் கிடைக்கவில்லை என்றார். தகவல் வந்து சேரத்தான் அவ்வளவு நாள் ஆகியிருந்தது. அவன் விழுந்தது, இஞ்ஞாசி கண்ணை மூடியதற்கு முந்தின இரவு.

பெட்டியைச் சுற்றி நின்ற யாருக்கும் அன்று அது தெரியாது.