உண்டியல் வாய்வரை போன பித்தளைக் காலணா

மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. கோணி தூக்கி இரும்பு பொறுக்கிய நான் அரக்கோணத்தில் இரண்டு பழைய இரும்புக் கடை வைத்தேன், மாடி வீடு கட்டினேன். எடைக்கு வந்த பித்தளையிலிருந்தே இரண்டாம் உலக யுத்தக் காலத்து டோக்கன் நூற்றுப் பதினொன்று சேர்த்தேன். அப்போது சில்லறைத் தட்டுப்பாடு. கடைக்காரர்களே டோக்கன் அடித்து மீதிக்குப் பதிலாகக் கொடுத்தார்கள். திருத்தணி அடிவாரத்து ஓட்டல் டோக்கன் மட்டும் எனக்குச் சிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை 8.10. அம்மையார்குப்பத்தில் எனக்குச் சரக்கு பிடிக்கும் முனுசாமி போன் செய்தான்.

"நைனா, தறிக்கார சரோஜாம்மா மலைக்குப் போய்கினு இருக்காங்க. அவங்க மாமியா யுத்த டைம்ல வேண்டிகினு மஞ்சத்துணியில முடிஞ்சது காசு இல்ல, நீங்க தேடற ஓட்டல் டோக்கனு. அந்த மஞ்சத்துணி நைஞ்சிடுச்சின்னு வேற துணிக்கு மாத்தறப்போ பாத்தேன். உண்டியல்ல போடப்போறாங்க."

உண்டியலில் விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியுமா? வீட்டிலிருந்த யுத்தக் காலத்து ஓட்டைக் காலணா ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். ரயிலில் பதின்மூன்று கிலோமீட்டர், ஐந்து ரூபாய். திருத்தணியில் ஆட்டோவுக்கு இருநூறு கேட்டார்கள். பேரம் பேசாமல் நான் ஏறிய வண்டி அது ஒன்றுதான். மலை வளைவில் ஒரு பஸ் வழிவிடாமல் முன்னால் ஊர்ந்தது.

"இன்னா பெரியவரே, சாமி எங்க ஓடப்போவுது?" என்றார் ஆட்டோக்காரர்.

"சாமி ஓடாது. நீ ஓட்டு."

9.40. சரோஜாம்மாவின் கை உண்டியல் வாயில் இருந்தது. கூப்பிட்டேன். அவர் வீட்டுப் பழைய தறிச் சாமான்களை எடைக்கு வாங்கியவன் நான்; உடனே தெரிந்துகொண்டார்.

"சாமி காசையும் தராசுல வைக்க வந்துட்டீங்களா?"

"அது காசு இல்லம்மா. காலணாவுக்கு ஓட்டல்காரன் குடுத்த டோக்கனு. ஓட்டலே இப்போ இல்ல. சாமி எங்க போயி மாத்தும்?"

அவர் முகம் மாறியது. "எங்க மாமியா சாமிய ஏமாத்திட்டாங்கன்றீங்களா?"

பேச்சு கெட்டுவிட்டது. கை மறுபடி உண்டியலுக்குப் போனது.

"இல்லீங்கம்மா. கையில இருந்தத முடிஞ்சாங்க. அந்த ஓட்டல்காரன் தரவேண்டிய காலணாவ நான் தரேன்." ஓட்டைக் காலணாவை நீட்டி, உண்டியலில் போடப் போனேன்.

"நீங்க போட்டா வேண்டுதல் உங்களுதாயிடும். என் கையில குடுங்க."

நாணயத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. மஞ்சள் துணி முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். டோக்கனை என் உள்ளங்கையில் வைத்து, காலணாவை அதே துணியில் முடிந்து உள்ளே போட்டார். விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

இப்போது அந்த டோக்கன் சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போகிறது. அட்டையில் 'திருத்தணியில் கிடைத்தது' என்று எழுதியிருக்கிறார்கள். தானாகக் கிடைக்கவில்லை. ஓட்டல்காரர் மாற்றித் தராத காலணாவை மாற்றித் தந்தவன் நான். அட்டையில் என் பெயர் வரவேண்டும். சரோஜாம்மாவின் பெயரையும் போடட்டும், எனக்குக் கீழே.